வாய்ப்பாட்டிற்கு முன்: தொடக்கப் பள்ளியில் பெருக்கல் கற்பித்தல்

கிலோ 40 ரூபாய் விலையுள்ள கத்தரிக்காயில் ஒன்றரைக் கிலோவும், கிலோ 30 ரூபாய் விலையுள்ள வெங்காயத்தில் இரண்டு கிலோவும் வாங்கி 200 ரூபாய் நோட்டை நீட்டினால், சந்தையில் கடை வைத்திருக்கும் சிறுவன் நொடிப் பொழுதில் 80 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுகிறான். தாளோ எழுதுகோலோ அவனுக்குத் தேவைப்படுவதில்லை. அதே சிறுவனிடம் அதற்கு நிகரான ஒரு கணக்கைப் பள்ளிப் புத்தகத்தில் உள்ளவாறு எண்களால் எழுதிக் கொடுத்தால், பல வேளைகளில் அவன் தடுமாறி நிற்கிறான்.

இது வெறும் ஊகமன்று. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடையே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2025ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. சந்தைச் சிறுவர்கள் தம் தொழிலில் சிக்கலான கணக்குகளையும் மனத்திலேயே சரியாகப் போட்டனர். பள்ளி முறைக் கணக்குகளில் பின்தங்கினர். பள்ளியில் மட்டும் பயிலும் சிறுவர்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. எழுதிக் கொடுத்த எளிய கணக்குகளை அவர்கள் செய்தனர். சந்தைக் கணக்கு வந்தபோது இடர்ப்பட்டனர். ஒரு சாராருக்குப் பொருள் தெரிந்தது, குறியீடு தெரியவில்லை. மற்றொரு சாராருக்குக் குறியீடு தெரிந்தது, பொருள் தெரியவில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலத்தை அமைப்பதே தொடக்கப் பள்ளிக் கணிதத்தின் பணி. அப்பாலம் முதன்முதலில் சோதனைக்கு உள்ளாகும் இடம் பெருக்கல்.

இன்றைய நிலை

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கக் கல்வி பயிலும் மாணவர்களில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறாதிருப்பதாக மதிப்பிட்டது. இக்குறையைக் களைவதற்காக 2021 ஜூலை 5ஆம் நாள் ‘நிபுண் பாரத்’ இயக்கம் தொடங்கப் பெற்றது. 2026-27ஆம் ஆண்டிற்குள் ஒவ்வொரு குழந்தையும் 3ஆம் வகுப்பை முடிக்கும்போது அடிப்படைத் திறன்களைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் இலக்கு. எளிய பெருக்கல் கணக்குகளைத் தீர்க்கும் ஆற்றலும் 3ஆம் வகுப்பிற்குரிய அத்திறன்களுள் ஒன்று.

2024 டிசம்பர் 4ஆம் நாள் 3, 6, 9ஆம் வகுப்புகளைச் சேர்ந்த 21 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களிடையே ‘பரக்’ தேசியக் கணக்கெடுப்பு நடத்தப் பெற்றது. கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடுகளைக் குறைந்தது பத்து வரையில் அறிந்து, நான்கு அடிப்படைச் செயல்களையும் அன்றாடக் கணக்குகளில் பயன்படுத்தும் திறன் 6ஆம் வகுப்பு மாணவர்களில் 53 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. அதே ஆண்டில் ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட ‘ஏசர்’ கணக்கெடுப்பின்படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தோர் 5ஆம் வகுப்பில் 30.7 விழுக்காட்டினர் மட்டுமே. பெருக்கல் வலுவில்லாத இடத்தில் வகுத்தல் நிலைப்பதில்லை. வகுத்தல் நிலைக்காத இடத்தில் பின்னம், விகிதம், சதவீதம், பரப்பளவு ஆகியவற்றுள் எதுவும் ஊன்றுவதில்லை.

நம் நாட்டில் வாய்ப்பாடு ஒப்பிக்காத பள்ளி இல்லை. மாலை நேரத்தில் ஒரே குரலில் எழும் வாய்ப்பாட்டு ஓசை நம் எல்லோருக்கும் பழக்கமானது. அவ்வாறிருந்தும் இக்குறை நேர்வதேன்? ஒப்பிக்கப்படுவது இன்னதென்று அறியுமுன்பே ஒப்பித்தல் தொடங்கிவிடுகிறது என்பதே இதற்குரிய முதற் காரணம்.

பெருக்கல் என்பது யாது?

‘மூன்று தட்டுகள் உள்ளன, ஒவ்வொரு தட்டிலும் நான்கு இட்டிலிகள் உள்ளன, ஆக மொத்தம் எத்தனை?’ என்று 2ஆம் வகுப்பில் கேட்டால் சில குழந்தைகள் ‘ஏழு’ என்று விடை கூறுவர். இவ்விடையைக் கவனக்குறைவு என்று ஒதுக்குதல் தவறு. கூட்டலில் இரண்டு எண்களும் ஒரே வகைப் பொருளைக் குறிக்கின்றன: மூன்று இட்டிலி, நான்கு இட்டிலி. பெருக்கலில் அவ்வாறன்று. ஓர் எண் குழுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. மற்றோர் எண் ஒவ்வொரு குழுவிலும் உள்ள பொருள்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. நான்கு இட்டிலிகளை ‘ஒரு தட்டு’ என்று ஒன்றாகவும், அதே வேளையில் நான்காகவும் காணும் பார்வை குழந்தைக்கு வாய்த்தல் வேண்டும். ஏழு என்று விடை கூறிய குழந்தை இப்பார்வையை இன்னும் பெறவில்லை. தட்டுகளையும் இட்டிலிகளையும் ஒன்றாகக் கூட்டிவிட்டது. அக்குழந்தைக்கு வாய்ப்பாட்டை மேலும் பத்து முறை எழுதக் கொடுப்பதால் பயன் விளையாது.

நம் மொழியின் வாய்ப்பாட்டிலேயே இப்பொருள் பொதிந்திருப்பதைக் காணலாம். ஈரைந்து என்பது இரண்டு ஐந்துகள். மூவைந்து என்பது மூன்று ஐந்துகள். ‘மூவைந்து பதினைந்து’ என்பது ஒரு முழு வாக்கியம். மூன்று ஐந்துகள் சேர்ந்தால் பதினைந்து என்று அது கூறுகிறது. வேகமாக ஒப்பிக்கும்போது வாக்கியம் மறைந்து ஓசை மட்டும் எஞ்சுகிறது. அந்த வாக்கியத்தைக் குழந்தைக்கு மீட்டுக் கொடுப்பதே ஆசிரியரின் முதல் வேலை.

நான்கு படிகள்

2022ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கணிதம் கற்பிப்பதற்கு அனுபவம், பேச்சு, படம், குறியீடு என்னும் நான்கு படிகளைப் பரிந்துரைக்கிறது. பெருக்கலுக்கு இது மிகவும் பொருந்தும்.

முதற் படியில் குழந்தை பொருள்களைக் கையால் குழு சேர்க்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல், ஐந்தைந்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள் ஆகியவையே போதும். சம எண்ணிக்கையுள்ள குழுக்களையும், சமமில்லாத குழுக்களையும் குழந்தை பிரித்தறிதல் வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து கற்களுள்ள மூன்று குவியல்களைப் பெருக்கலால் நேரே எழுத இயலாது. நந்நான்கு கற்களுள்ள மூன்று குவியல்களை எழுதலாம். இவ்வேறுபாடு வாயால் சொல்லி விளங்குவதன்று. கையால் செய்து விளங்குவது.

இரண்டாம் படி பேச்சு. ‘என்னிடம் மூன்று நான்குகள் உள்ளன’ என்று குழந்தை தன் சொற்களில் கூறுதல் வேண்டும். இரண்டிரண்டாகவும் ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் எண்ணும் பயிற்சியும் இங்கேயே வருகிறது. வீட்டில் பேசும் மொழி வேறாகவும் பள்ளி மொழி வேறாகவும் உள்ள பகுதிகளில் இப்படி வீட்டு மொழியிலேயே நடைபெறலாம். பள்ளி மொழிச் சொற்கள் பின்னர் வந்து சேரட்டும்.

மூன்றாம் படியில் குழந்தை தான் செய்ததைப் படமாக வரைகிறது. முதலில் தட்டும் இட்டிலியும், பிறகு வட்டமும் புள்ளியும், அதன்பின் எண்கோட்டின்மேல் நான்கு நான்காகத் தாவும் தாவல்களும் வரைதல் தகும்.

3 × 4 = 12 என்னும் குறியீடு நான்காம் படியிலேயே இடம்பெறுகிறது. முந்தைய மூன்று படிகளையும் கடந்து வந்த குழந்தைக்கு அந்தக் குறி ஒரு சுருக்கெழுத்து. 4 + 4 + 4 என்று நீட்டி எழுதும் உழைப்பை அது மிச்சப்படுத்துகிறது என்று அக்குழந்தை உணர்கிறது. நேரே நான்காம் படியில் நிறுத்தப்பட்ட குழந்தைக்கோ அது பொருளற்ற ஒரு கட்டளை.

முட்டை அட்டை கற்பிக்கும் பாடம்

குழுக்களைப் புரிந்துகொண்ட குழந்தைக்கு அடுத்துக் காட்ட வேண்டியது வரிசை அமைப்பு. கடைகளில் கிடைக்கும் முட்டை அட்டையில் ஐந்து வரிசைகளில் ஆறு ஆறு குழிகளாக 30 குழிகள் உள்ளன. அட்டையைக் கால் சுற்றுத் திருப்பினால் ஆறு வரிசைகளில் ஐந்து ஐந்தாகத் தோன்றுகிறது. முட்டை ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. 5 × 6, 6 × 5 ஆகிய இரண்டும் ஒரே பெருக்கற்பலனைத் தருவதற்குரிய காரணத்தை இதைவிடத் தெளிவாக எந்த விதியாலும் கூற இயலாது. ஆறு ஐந்துகளும் ஐந்து ஆறுகளும் கதையில் வேறு, தொகையில் ஒன்று. மாத்திரை அட்டை, சன்னல் கம்பி, தரையில் பதித்த ஓடு, நாற்றங்காலில் வரிசையாக நட்ட கன்று என இதற்கான எடுத்துக்காட்டுகள் எங்கும் பரவிக் கிடக்கின்றன.

வரிசை அமைப்பு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. ஏழு வரிசைகளில் எட்டு எட்டுப் புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்து வரிசைகளுக்குக் கீழே ஒரு குச்சியை வைத்துப் பிரித்தால், மேலே 5 × 8, கீழே 2 × 8. அதாவது 40உம் 16உம் சேர்ந்து 56. ஏழெட்டு எவ்வளவு என்பதை மறந்த குழந்தை இனி விழிக்க வேண்டுவதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததைத் தானே கட்டிக்கொள்ளலாம். இதனையே உயர் வகுப்புகளில் பங்கீட்டுப் பண்பு என்று வழங்குகிறோம். பின்னாளில் இயற்கணிதத்தின் பெரும்பகுதி இதன்மீதே எழுப்பப்படுகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டியவை எத்தனை?

இவ்வாறு கூறுவதால் வாய்ப்பாட்டை மனத்தில் இருத்துதல் வேண்டா என்று பொருள் கொள்ளலாகாது. நீண்ட பெருக்கலின் நடுவே ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணும் குழந்தை, தான் எந்த இடத்தில் நின்றது என்பதையே மறந்துவிடுகிறது. எனவே வாய்ப்பாடு மனத்தில் பதிதல் இன்றியமையாதது. பதிய வேண்டிய சுமை எவ்வளவு என்பதே கேள்வி.

ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் உள்ளன. முட்டை அட்டையைத் திருப்பிப் பார்த்த குழந்தைக்கு அவை 55 ஆகக் குறைகின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் எண்ணிப் பழகியதாலேயே வந்துவிடுவன. அவற்றை நீக்கினால் எஞ்சுபவை 21. ஒன்பதின் வாய்ப்பாட்டைப் பத்திலிருந்து ஒரு முறை கழித்துப் பெறலாம்: 7 × 9 என்பது 70இல் ஏழு குறைய 63. இப்போது எஞ்சுபவை 15. நான்கு என்பது இரண்டின் இருமடங்கு. மூன்று என்பது இருமடங்குடன் ஒரு முறை கூட. இவ்விரண்டையும் நீக்கினால் 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8 என்னும் ஆறு பெருக்கல்களே மிஞ்சுகின்றன. நூறு தனித்தனிச் செய்திகளைச் சுமக்கும் குழந்தைக்கும், உறவுகளை அறிந்து ஆறு செய்திகளை மட்டும் முயன்று பழகும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. முன்னவர் ஒன்றை மறந்தால் அது மறந்ததுதான். பின்னவர் மறந்ததை மீட்டுக்கொள்வர்.

லீலாவதி காட்டும் வழி

எண்களைப் பிரித்துப் பெருக்குதல் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில் 135ஐ 12ஆல் பெருக்கும் கணக்கு ஒன்று உள்ளது. அதற்கு ஒரே வழியைக் கூறி அந்நூல் நின்றுவிடவில்லை. 12ஐ 8 என்றும் 4 என்றும் பிரித்தால் 1080உம் 540உம் சேர்ந்து 1620. 3 × 4 என்று காரணிகளாக்கினால் 135இன் நான்கு மடங்கு 540. அதன் மூன்று மடங்கு 1620. பத்தும் இரண்டுமாகப் பிரித்தால் 1350உம் 270உம் சேர்ந்து 1620. 20ஆல் பெருக்கி, 8ஆல் பெருக்கியதைக் கழித்தால் 2700இல் 1080 போக மீண்டும் 1620. எண்ணூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய இந்நூல் வலியுறுத்துவது வழிகளின் பன்மையை. விடை ஒன்று, அதனை அடையும் வழிகள் பல. எந்த எண்ணுக்கு எந்த வழி எளிது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை கணக்குப் போடுபவருக்கு உண்டு.

வகுப்பறையில் இதனைக் கட்டத்தாளில் காட்டலாம். 23 × 14 என்னும் கணக்கிற்கு 23 கட்ட நீளமும் 14 கட்ட அகலமும் உள்ள செவ்வகம் வரைந்து, நீளத்தை 20, 3 என்றும் அகலத்தை 10, 4 என்றும் பிரித்தால் நான்கு பகுதிகள் கிடைக்கின்றன: 200, 80, 30, 12. ஆக மொத்தம் 322. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வழக்கமான முறையில் கிடைக்கும் 92உம் 230உம் எங்கிருந்து வந்தன என்பதையும் இப்படத்திலேயே காணலாம்.

பிழைகள் கூறும் செய்தி

இதே கணக்கிற்கு 115 என்று விடை எழுதும் மாணவர்கள் உண்டு. 23ஐ நான்கால் பெருக்கிய 92இன் கீழ், ஒன்றால் பெருக்கிய 23ஐ ஓரிடம் தள்ளாமல் எழுதிக் கூட்டியதால் வந்த விடை அது. ‘ஓரிடம் தள்ளி எழுது’ என்னும் விதியை மீண்டும் ஒரு முறை கூறுவதால் பிழை அன்றைக்குத் திருந்தலாம். மறுவாரம் திரும்பி வரும். அந்த ‘1’ உண்மையில் பத்து என்பதை அறிந்த மாணவருக்கு விதியே வேண்டுவதில்லை. இருபதைப் பத்தால் பெருக்கினாலே 200 ஆகும்போது விடை 115 ஆக இருக்க முடியாது என்று மதிப்பிடவும் அவரால் இயலும். விடையை எழுதுமுன் தோராயமாக மதிப்பிடும் பழக்கம் பெருக்கல் பாடத்தின் பிரிக்க இயலாத பகுதி ஆகவேண்டும்.

ஆசிரியர்கள் நல்லெண்ணத்துடன் கூறும் சில சுருக்கவிதிகளும் பின்னால் இடர் விளைவிக்கின்றன. ‘பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் சேர்’ என்று பழகிய மாணவர் 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுகிறார். ‘பெருக்கினால் எண் பெரிதாகும்’ என்று நம்பிய மாணவர், எட்டின் பாதி நான்கு என்பதை ஒரு பெருக்கலாக ஏற்கத் தயங்குகிறார். சந்தையில் அரைக் கிலோவிற்கு விலை சொல்லும் சிறுவனுக்கு இத்தயக்கம் இல்லை. வட இந்தியப் பழைய பள்ளிகளில் ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றிற்கும் வாய்ப்பாடுகள் வழங்கின. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியிலும் பின்ன வாய்ப்பாடுகள் இடம்பெற்றன. அன்றாட வாழ்வின் அளவைகள் அவற்றைத் தேவையாக்கின. அம்முறைகளில் மனப்பாடச் சுமை மிகுதி என்பது உண்மை. ஆயினும் பள்ளிக் கணக்கும் சந்தைக் கணக்கும் இருவேறு உலகங்களாக அன்று பிரிந்திருக்கவில்லை என்பது நாம் கருதத்தக்கது.

கல்வி அலுவலர் கவனத்திற்கு

மேற்கூறிய யாவும் வகுப்பறையில் நிகழ வேண்டுமாயின், பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் கேட்கும் கேள்வி மாற வேண்டும். ‘ஏழாம் வாய்ப்பாடு சொல்’ என்று அவர் கேட்பாரானால், ஆசிரியர் அதனையே பயிற்றுவிப்பார். அதற்கு மாறாக, ‘7 × 6 என்பதைப் புள்ளிகளால் வரைந்து காட்டு’, ‘7 × 6 மறந்துவிட்டால் எவ்வாறு கண்டுபிடிப்பாய்?’, ‘7 × 6 என்னும் கணக்கு வருமாறு கடைவீதியில் நடந்த ஒரு செய்தியைச் சொல்’ என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். ஐந்து நிமிடங்களில் அவ்வகுப்பின் நிலை தெளிவாகிவிடும். மூன்றாவது கேள்விக்கு விடை கூற முடியாத வகுப்பில், வாய்ப்பாடு எவ்வளவு உரக்க ஒலித்தாலும், பெருக்கல் கற்பிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

காலத்தைப் பற்றியும் சிந்தித்தல் தகும். குழு சேர்த்தலுக்கும் வரைதலுக்கும் சில வாரங்கள் தேவைப்படும். அந்த வாரங்களில் குறிப்பேடுகளில் எழுத்து மிகுதியாக இராது. பாடப்பகுதி முடிந்ததா என்று மட்டும் பார்க்கும் மேற்பார்வை, இந்த வாரங்களை வீண் என்று கருதி ஆசிரியரை விரைவுபடுத்தும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை நடத்தும் சிறிய பள்ளிகளில், 4ஆம் வகுப்புக் குழந்தை 2ஆம் வகுப்புக் குழந்தையுடன் அமர்ந்து கல்லைக் குழு சேர்ப்பதும், கடை விளையாட்டில் ஒருவர் விற்க மற்றவர் வாங்குவதும் இருவருக்கும் பயன் தருவன. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில், மாணவர்களின் பிழை விடைகளைத் தொகுத்து, ஒவ்வொரு பிழையும் எந்தப் புரிதலின்மையைக் காட்டுகிறது என்று ஆராய்வதற்கு இடம் ஒதுக்குதல் நலம்.

தன் நாட்கூலியைக் கணக்கிடும் தொழிலாளியும், ஓர் ஏக்கருக்குக் கூறப்பட்ட உர அளவை இரண்டரை ஏக்கருக்கு மாற்றும் உழவரும், வாங்கும் கடனுக்கு மாதந்தோறும் செலுத்தும் வட்டி ஆண்டில் எவ்வளவாகும் என்று பார்க்கும் மகளிர் குழு உறுப்பினரும் செய்வது பெருக்கலே. அதில் தவறுவோர் பிறர் கூறும் தொகையை அவ்வாறே ஏற்க நேர்கிறது. 2ஆம் வகுப்பில் ‘ஏழு’ என்று விடை கூறிய குழந்தையின் முன் மூன்று தட்டுகளையும் பன்னிரண்டு புளியங்கொட்டைகளையும் வைக்க ஆசிரியருக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை வகுப்பறைக்குப் பெற்றுத் தருவது கல்வி நிருவாகத்தின் கடமை.